போர்வை கொடுக்கும் கழுதை

1974 டிசம்பர் 22, ஞாயிற்றுக்கிழமை, மாலை நான்கு நாற்பது. மூன்று நாளாக மேகம் மூடிக்கொண்டு நின்றது. மழை மட்டும் வரவில்லை. வாடைக்காற்று கடலிலிருந்து உப்பையும் கருவாட்டு வாடையையும் சேர்த்துக் கொண்டுவந்தது. அந்த நேரத்தில், தூத்துக்குடிக் கடற்கரைத் தெரு ஒன்றில், முன்பின் தெரியாத ஒரு வீட்டு முன்னறையில் நான் முழங்காலில் நின்று ஒரு காகிதக் கழுதையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முழங்காலில் நின்றதற்குக் காரணம், அந்த வீட்டுக் கிறிஸ்துமஸ் குடில் தரையில் இருந்தது. வேறு காரணம் இல்லை. பின்னால் வந்த வம்புக்கெல்லாம் இதுதான் தொடக்கம் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாசல் திறந்திருந்தது, தெருவில் போன நான்கு பேர் என்னைப் பார்த்தார்கள். அதில் இரண்டு பேர் நின்று பார்த்தார்கள். அது கத்தோலிக்கத் தெரு; நானோ சுரூபத்துக்கு முன்னால் முழங்காலிடாத புராட்டஸ்டண்ட் சபைக்காரன்.

எனக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. துறைமுகத்தில் ஒரு கிளியரிங் ஏஜெண்டிடம் டாலி கிளார்க். கப்பலிலிருந்து இறங்கும் மூட்டையை எண்ணுவது வேலை. நான்கு கோடு நெடுக்கே, ஐந்தாவது குறுக்கே என்று நாள் முழுதும் போட்ட கை வீட்டுக்கு வந்தாலும் சும்மா இருக்காது. மாடிப்படி, இட்லி, ஆராதனையில் குருவானவர் இருமுவது எல்லாவற்றையும் எண்ணுவேன். சொந்த ஊர் தூத்துக்குடிக்குத் தெற்கே நாசரேத். அங்கே நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் ஒரு வெள்ளைக்கார மிஷன் அம்மா ஊருக்குத் திரும்பியபோது அவர் பங்களாச் சாமான்களை ஏலம் விட்டார்கள். அதில் பன்னிரண்டு எழும்பு படங்கள் இருந்திருக்கின்றன. அப்போது எனக்கு அது தெரியாது. தெரிந்திருந்தால் இவ்வளவு கஷ்டம் இல்லை.

எழும்பு படம் என்பது, மூடியிருக்கும்போது கல்யாணப் பத்திரிகையைவிடக் கொஞ்சம் பெரிய அட்டை. விரித்தால் உள்ளே மடங்கிக் கிடந்த மரமும் புதரும் மிருகமும் மூன்று அடுக்காக எழுந்து நிற்கும். கீழே ஒரு காகிதப் பட்டை நீட்டிக்கொண்டிருக்கும். அதை இழுத்தால் ஏதாவது ஒன்று அசையும். ஒவ்வொன்றும் ஒரு நீதிக்கதை. முதல் படம் எனக்கு ஏரல் சந்தையில் பழைய காகிதக் கட்டுக்குள் கிடைத்தது. நரியும் திராட்சையும். பட்டையை இழுத்தால் நரி எம்பும்; மூக்குக்கும் கொத்துக்கும் நடுவில் அரை விரல் இடைவெளி வரை போய்த் திரும்பிவிடும். அழகாகத்தான் இருந்தது. ஆனால் அட்டையின் பின்புறத்தைத் திருப்பிப் பார்த்ததுதான் நான் செய்த தப்பு. அங்கே நான்காம் எண் போட்டு, மொத்தம் பன்னிரண்டு கதைகளின் பட்டியல் அச்சடித்திருந்தது. பன்னிரண்டில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு தூங்க என்னால் முடியாது.

அதிலிருந்து ஆறு வருஷம், லீவு நாளெல்லாம் பஸ் ஏறினேன். ஆத்தூரில் ஒரு வெற்றிலை வியாபாரி, முயலும் ஆமையும் படத்தை நனைந்த வெற்றிலைக் கட்டுக்கு மூடியாக வைத்திருந்தார். ஈரத்தில் ஆமை ஊதிப்போய் முயலைவிடப் பெரிதாகியிருந்தது. சாத்தான்குளத்தில் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் சிங்கமும் எலியும் படத்தைச் சும்மாவே தருவதாகச் சொன்னார். அவர் இயற்றிய கீர்த்தனைகள் பதினேழையும் உட்கார்ந்து கேட்கவேண்டும், அவ்வளவுதான். பதினெட்டாவது ஒன்றும் இருந்தது. இப்படிப் பதினொன்று சேர்ந்தன. பாக்கி ஒன்பதாம் எண்: சிங்கத்தோல் போர்த்திய கழுதை.

துறைமுகத்தில் மூட்டை தூக்கும் வின்ச் ஓட்டும் ஒருவர்தான் பேச்சுவாக்கில், தங்கள் தெருவில் ஒரு வீட்டுக் குடிலில் அசையும் கழுதை இருக்கிறது என்றார். ஞாயிறு மதியம் சோறு செரிக்கும் முன்பே கிளம்பிவிட்டேன்.

வீட்டுக்காரம்மா ஒரு தோணித் தண்டலின் மனைவி. தண்டல் என்றால் தோணியின் தலைவர். அவர் அப்போது கொழும்புக்குச் சரக்கு ஏற்றிக்கொண்டு போயிருந்தார். அந்த அம்மாவுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கலாம். குடிலை நன்றாகவே ஜோடித்திருந்தார். சிப்பிகளை அடுக்கி மலை. பனிக்கு உப்பளத்து உப்பு, குறைந்தது மூன்று படி. உப்பு ஈரத்தை இழுக்கும், ஈரம் காகிதத்தைத் தின்னும். அந்த உப்புக்கு நடுவில்தான் ஒன்பதாம் எண், கொஞ்சம்கூடக் கிழியாமல், சிங்கத்தோல் போர்த்தி நின்றது. அதன் முன்னால் வைக்கோல் போட்ட வெற்றுத் தொட்டில். பாலன் இயேசுவின் சிலையை, அவர்கள் சொல்லும் பாலன் சுரூபத்தை, இருபத்துநாலாம் தேதி ராத்திரிதான் வைப்பார்களாம்.

பக்கத்து வீட்டுச் சிறுமி ஒருத்தி வந்து பட்டையை இழுத்தாள். தோல் கழுதையின் முதுகிலிருந்து சரிந்து முன்னால் வந்து தொட்டிலின்மேல் விழுந்தது. கழுதை காது இரண்டையும் தூக்கித் தலையாட்டியது. பட்டையை உள்ளே தள்ளினாள். தோல் பழையபடி முதுகுக்கு ஏறியது. அவள் சிலுவை போட்டுவிட்டுப் போனாள்.

"கழுதை பாலனுக்குப் போர்வை குடுக்குது அண்ணாச்சி. பெத்லகேம்ல குளிரு பாத்துக்கிடுங்க" என்றார் அந்த அம்மா.

அவர் மாமியார் அந்த நாசரேத் ஏலத்தில் எடுத்த பீங்கான் பெட்டிக்குள் கிடந்ததாம் இந்தப் படம். பொதிந்து வைத்திருந்த காகிதம் என்று நினைத்து எறியப் போனபோது கழுதை எழுந்து நின்றிருக்கிறது. கழுதை என்றால் குடிலுக்கு என்று முடிவு செய்துவிட்டார்கள். அன்றிலிருந்து அந்தத் தெருவில் கிறிஸ்துமஸ் என்றால் பிள்ளைகள் எல்லாம் வந்து ஆளுக்கு ஒரு தடவையாவது கழுதையைப் போர்வை கொடுக்கவைக்க வேண்டும். கொடுக்கவைத்த பிள்ளைக்கு அந்த வருஷம் சளி பிடிக்காதாம்.

நான் வாயை மூடிக்கொண்டு வந்திருக்கலாம். முடியவில்லை. அது போர்வை இல்லை, சிங்கத்தோல். தோலைப் போர்த்திக்கொண்டு ஊரையே பயமுறுத்திய ஏமாற்றுக்காரக் கழுதை அது. தோல் நழுவி மாட்டிக்கொள்ளும் இடம்தான் இந்தப் படம் என்று கதை முழுவதையும் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"அந்தக் கதைய எழுதினவரு இந்தக் கழுதையப் பாத்திருக்காரா?"

"அவரு செத்து ரெண்டாயிரம் வருசத்துக்கு மேல ஆச்சும்மா."

"நான் இருபத்தெட்டு வருசமாப் பாக்கேன். ஒரு நாள்கூட யாரையும் பயமுறுத்தல."

விலை கேட்டேன். சிரித்தார். கொஞ்சம் ஏற்றிக் கேட்டேன். காப்பி கொண்டுவந்தார். மூன்றாம் தடவை கேட்டபோது சிரிப்பும் போய், இதைக் கொடுத்துவிட்டு அடுத்த வருஷம் பிள்ளைகளுக்கு என்ன சொல்ல என்றார். அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. இதே மாதிரி ஒன்று நானே செய்து தருகிறேன் என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஒங்க கழுதையும் இதே மாதிரி போர்வை குடுத்தா, இத எடுத்துட்டுப் போங்க. மூணு ராசா திருநாள் அன்னைக்குப் பாப்போம். அதுவரைக்கும் இது இங்கனதான் இருக்கும்."

மூன்று ராஜாக்கள் திருநாள் ஜனவரி ஆறு. முதல் நாளையும் சேர்த்துப் பதினாறு மாலை. மறுநாளிலிருந்து தினமும் ஆறு மணிக்குப் போய்விடுவேன்; எட்டு மணிக்கு எழுந்திருப்பேன். பாதி காரணம், உள்ளே எது எதனோடு ஒட்டியிருக்கிறது என்று பார்த்துக் கற்றுக்கொள்வது. மறுபாதி, காவல். ஒரு காகிதப் பட்டைக்கு ஆயுள் இவ்வளவு இழுப்பு என்று உண்டு. எவ்வளவு என்றுதான் யாருக்கும் தெரியாது. அதனால் ஒவ்வொரு பிள்ளையும் இழுப்பதை எண்ணினேன். நான் மட்டும் ஒரு தடவைகூட இழுக்கவில்லை. என் பங்கைப் பட்டைக்கு மிச்சம் பிடித்துக் கொடுத்ததாக நினைப்பு.

பிறத்தியார் வீட்டுக் குடில் முன்னால் நோட்டும் பென்சிலுமாக உட்கார்ந்தால் நன்றாக இருக்காது என்று, சட்டைப் பையில் ஒரு சணல் கயிறு வைத்துக்கொண்டேன். பத்து இழுப்புக்கு ஒரு சின்ன முடிச்சு. பத்து சின்ன முடிச்சுக்கு ஒரு பெரிய முடிச்சு. கிறிஸ்துமஸ் அன்று மட்டும் எழுபத்தொரு இழுப்பு. அதில் பாதிக்கு மேல் முந்திரிக்கொத்து தின்ற கைகள். வெல்லப் பாகு ஒட்டினால் பட்டை வழுக்காது, வழுக்காவிட்டால் பிள்ளைகள் பலமாக இழுப்பார்கள், பலமாக இழுத்தால் என்ன ஆகும் என்று சொல்லவேண்டியதில்லை.

மறுநாள் வீட்டிலிருந்து ஒரு எவர்சில்வர் கும்பா எடுத்துப் போனேன். தண்ணீரில் கொஞ்சம் சோப்பு சீவிப் போட்டுக் கலக்கி, ஒரு துண்டையும் மடித்து, குடிலுக்குப் பக்கத்தில் வைத்தேன். கை கழுவிவிட்டு இழுங்கள் என்று பிள்ளைகளுக்குச் சொல்வதற்குள் வயதான மாலுமி ஒருவர் வந்தார். கும்பாவில் விரல் நுனியை நனைத்து நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். பின்னால் வந்தவர்கள் அதைப் பார்த்து அப்படியே செய்தார்கள். அதற்கப்புறம் அந்தத் தண்ணீரில் ஒரு கைகூடக் கழுவப்படவில்லை. மூன்றாம் நாள் ஒரு அம்மா வீட்டில் யாருக்கோ காய்ச்சல் என்று சின்ன சீசாவில் மொண்டுகொண்டார். அதில் சோப்பு இருக்கிறது என்று நான் வாய் திறப்பதற்குள் தெருமுனை தாண்டிவிட்டார். குடிக்காமல் இருந்திருக்கவேண்டும் என்று இன்றைக்கும் கவலைப்படுகிறேன்.

துறைமுகத்தில் பேச்சு அதற்கு முன்பே கிளம்பியிருந்தது. எங்கள் ஆபீஸ் டாலி கிளார்க் தினமும் குடில் முன்னால் முழங்காலில் நிற்கிறாராம், இப்போது தீர்த்தமும் கொடுக்கிறாராம். வின்ச்காரர் என்னைக் கண்டதும், எங்க வேதத்துக்கு வந்தாச்சாமே அண்ணாச்சி, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று உண்மையிலேயே வருத்தப்பட்டார்.

என் மனைவி அதுவரை நம்பவில்லை. இவருக்கு இந்த வேதமே பாதி எண்ணிக்கைதான், இதில் இன்னொன்றுக்கு எங்கே மாறப்போகிறார் என்றுதான் பக்கத்து வீட்டில் சொல்லிவந்தாள். ஜனவரி முதல் தேதி சட்டையைத் துவைக்கப் போடும்போது பையில் கயிறு கிடைத்தது. பத்து சின்ன முடிச்சு, ஒரு பெரிய முடிச்சு; மறுபடி பத்து சின்னது, ஒரு பெரியது. அதைக் கொடியில் துணி காயப்போடுவதுபோல் இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள்.

"செபமாலைய வாங்கக்கூட துட்டு இல்லாம சணல்ல முடிஞ்சு வச்சிருக்கீயளே. என்கிட்டக் கேட்டிருக்கப்பிடாதா?"

கழுதை என்றேன். யாரு என்றாள். அதற்குமேல் விளக்கியும் பயனில்லை.

அடுத்த நாள் குருவானவரே வீட்டுக்கு வந்துவிட்டார். காப்பி குடித்தார், நான்கு தடவை இருமினார், மழை இல்லாததைப் பற்றிப் பேசினார். பிறகு, மனதில் ஏதாவது சந்தேகம் இருந்தால் தன்னிடம் சொல்லலாம் என்றார். நான் பதினொரு படங்களையும் விரித்து மேசையில் நிறுத்தி, பன்னிரண்டாவதற்காகத்தான் இதெல்லாம் என்று ஆதியோடந்தமாகச் சொன்னேன். அவர் காக்காய்ப் படத்தின் பட்டையை ஒரு தடவை இழுத்துப் பார்த்தார். காக்காய் வாயிலிருந்த வடை நழுவியது.

"காகிதக் கழுதைக்காகவா?" என்றார். "இதவிட நல்லதா ஒரு காரணம் சொல்லியிருந்தா நம்பியிருப்பேன்."

இத்தனைக்கும் நடுவில் நான் என் கழுதையைச் செய்துகொண்டிருந்தேன். மணிலா அட்டை, மைதாப் பசை, சவர பிளேடு. வெட்டுவதிலும் வரைவதிலும் குறையில்லை. கழுதையின் பிடரி மயிரைக்கூட எண்ணிப் போட்டேன், முப்பத்தாறு. தோல்தான் சரிந்து வரமாட்டேன் என்றது. பாதி முதுகில் நின்றுவிடும். பழையதில் அது எப்படி அவ்வளவு மெதுவாக, தானாக நினைத்துக் கொடுப்பதுபோல் வருகிறது என்று பதினைந்து மாலை பார்த்தும் எனக்குப் பிடிபடவில்லை. கடைசியில் புது பால்பேனா ஒன்றைக் கழற்றி உள்ளேயிருந்த ஸ்பிரிங்கை எடுத்துத் தோலுக்கு அடியில் வைத்தேன். ஆபீஸில் மேசைமேல் வைத்து இழுத்துப் பார்த்தேன். தோல் முழுதாக வந்தது. கொஞ்சம் வேகமாக வந்தது என்று தோன்றியதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஜனவரி ஆறு, திங்கள், மாலை ஆறு. தெருப் பிள்ளைகள் பத்தொன்பது பேரும் பெரியவர்கள் ஏழு பேரும் வந்திருந்தார்கள். மூன்று ராஜாக்களும் ஒட்டகத்தோடு தொட்டில் வரை வந்துவிட்டார்கள். பாலன் சுரூபம் வைக்கோலில் படுத்திருந்தது. அந்த அம்மா பழைய கழுதையை ஓரமாக நகர்த்திவிட்டு என் கழுதையை அதே இடத்தில் வைத்தார். முதல் நாள் பார்த்த அதே சிறுமியை இழுக்கச் சொன்னார்.

இழுத்தாள். தோல் பறந்து வந்து தொட்டிலை அடித்தது. பாலன் தொட்டிலிலிருந்து எழும்பி, இரண்டாவது ராஜாவின் தலைக்குமேல் போய், உப்பில் குப்புற விழுந்தார்.

உடனே பத்தொன்பது பிள்ளைகளும் அடுத்து நான், அடுத்து நான் என்று வரிசையில் நின்றார்கள். அந்த அம்மா சுரூபத்தை எடுத்து உப்பைத் துடைத்தார். பாலனின் வலது கையில் இரண்டு விரல் இல்லை. நான் உப்புக்குள் கையை விட்டுத் தேடினேன், ஒன்று கிடைத்தது.

"ஒங்க கழுதை குடுக்கல அண்ணாச்சி. எறியுது."

அவர் கோபமாகக்கூடச் சொல்லவில்லை. பழைய கழுதையை மறுபடி அதன் இடத்தில் வைத்து, பாலனைத் தொட்டிலில் கிடத்தி, இத்தனை நாள் உட்கார்ந்து பார்த்தீர்களே, ஒரு தடவையாவது இழுத்துப் பார்த்தீர்களா என்று கேட்டார். இல்லை என்றேன். பின்னே எப்படித் தெரியும், இழுங்கள் என்றார்.

கயிற்றின்படி அதுவரை அறுநூற்று முப்பத்தெட்டு இழுப்பு. வெல்லக் கை, எண்ணெய்க் கை, மூக்கைத் துடைத்த கை, எல்லாம் இழுத்தும் ஒன்றும் ஆகவில்லை. அறுநூற்று முப்பத்தொன்பதாவது நான். பயத்தில், நேராக இழுக்கவேண்டிய பட்டையைக் கொஞ்சம் கொஞ்சமாக, கோணலாக, ஊசியில் நூல் கோப்பதுபோல் இழுத்தேன். தோல் கால்வாசி வந்தது. பிறகு பட்டை மட்டும் தனியாக என் கையோடு வந்துவிட்டது.

கழுதை தோளில் தோலோடு அப்படியே நின்றது. சிறுமி குனிந்து பார்த்தாள்.

"அதுக்கே குளிருதாம். குடுக்கமாட்டேங்கு" என்றாள்.

அந்த அம்மா முகத்தை அப்போதுதான் பார்த்தேன். அவர் என்னைத் திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். குடிலை இன்றைக்குப் பிரிக்கவேண்டியது, ஒரு நாள் பொறுக்கிறேன் என்று மட்டும் சொன்னார்.

வீட்டுக்கு வந்து பதினொன்றையும் எடுத்து மேசைமேல் நிறுத்தினேன். அந்தப் பட்டை சாதாரண அட்டை இல்லை. உள்ளே மெல்லிய துணி வைத்து ஒட்டியது. அப்படி ஒன்று தூத்துக்குடியில் எந்தக் கடையிலும் கிடையாது. இருப்பது பதினொன்று, அவையும் என் மேசையில். எல்லாம் ஒரே அளவு. எதை அறுத்துப் பட்டையை எடுப்பது என்று ஒவ்வொன்றாக இழுத்து இழுத்துப் பார்த்தேன். ஆமையை அறுத்தால் பந்தயம் நின்றுவிடும். எலியை அறுத்தால் சிங்கம் வலையிலேயே கிடக்கும். ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். மனைவி வந்து பின்னால் நின்றாள். நடந்ததைக் கேட்டாள். இந்தத் தடவை நம்பினாள் என்று நினைக்கிறேன். அறுக்கும் மூஞ்சியைப் பார்த்தால் யாருக்கும் நம்பிக்கை வந்திருக்கும்.

"நரிய அறுங்க. அதுக்குத்தான் எப்படியும் கிடைக்காதே" என்றாள்.

மறுநாள் சாயந்தரம் நரியின் பட்டையை அந்தக் குடில் முன்னால் உட்கார்ந்துதான் மாற்றினேன்; கழுதையை வீட்டை விட்டு வெளியே அனுப்ப அந்த அம்மா சம்மதிக்கவில்லை. பசை காய ஒன்றரை மணி நேரம். முதல் இழுப்பை அவரையே இழுக்கச் சொன்னேன். தோல் மெதுவாகச் சரிந்து, முன்னால் வந்து, விரல் போன பாலனின்மேல் விழுந்தது. கழுதை காது தூக்கித் தலையாட்டியது. சிங்கத்தோல்தான். ஆனாலும் கொடுத்தது என்றுதான் எழுதவேண்டியிருக்கிறது.

ஒன்பதாம் எண்ணை நான் அதற்குப்பின் கேட்கவில்லை. அவரும் கொடுப்பதாகச் சொல்லவில்லை. புது பாலன் ஒன்று வாங்கித் தரவேண்டும் என்று மட்டும் சொன்னார். மாதா கோயில் பக்கத்துக் கடையில் சுரூபத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, கைவிரலும் கால்விரலும் இருபதா என்று இரண்டு தடவை எண்ணிக்கொண்டிருந்தபோது, எதிர்க்கடையிலிருந்து எங்கள் சபைப் பொருளாளர் பார்த்துக்கொண்டிருந்தார். இதைச் சரிக்கட்ட, காணிக்கைக் காய்கறியை ஏலம் விட்டுச் சபைக்குப் பணம் சேர்க்கும் அறுப்பின் பண்டிகை அடுத்து வந்தபோது, நான் ஒரு பூசணிக்காயை, யாரும் எதிர்த்துக் கேட்காமலே, நானே நான்கு தடவை ஏற்றிக் கேட்டு எடுத்தேன். என் கழுதையைத் தெருப் பிள்ளைகள் புளியங்கொட்டை எறிய வைத்துக்கொண்டார்கள்.

பாலனைக் கொண்டுபோய்க் கொடுத்த அன்று அந்த அம்மா வாசல் வரை வந்தார்.

"வருசா வருசம் வந்து பாத்துக்கிடுங்க அண்ணாச்சி. அந்தக் கும்பாவையும் கொண்டாங்க. சனங்க கேக்காங்க."

பதினெட்டு வருஷம் போனேன். கும்பாவையும் கொண்டுபோனேன், சோப்பு மட்டும் போடவில்லை. என் மேசையில் இன்னும் பதினொன்றுதான். அதில் நரி, கொத்துக்கு அடியில் அசையாமல் நின்று மேலே பார்த்துக்கொண்டிருக்கிறது.

மணிலா அட்டை ஒன்று இருபது, பேனா ஒன்று ஐம்பது, மைதா நாற்பது காசு, சோப்பு ஒன்று பத்து, பாலன் பதினான்கு, பூசணிக்காய் இருபத்தொன்று. ஆக மொத்தம் முப்பத்தொன்பது ரூபாய் இருபது காசு.